வாதாம் இலை, ஏழாவது டிப்

பாய்லருக்கும் தண்ணி லாரி திரும்பும் இடத்துக்கும் நடுவே
யாரும் நடாத வாதாங்கொட்டை மரம்.
மளிகைக்கடையில் நூறு கிராமாக நிறுத்துத் தரும்
பாதாம் அல்ல இது.
அது குளிர் நாட்டுப் பிள்ளை.
இது வௌவால் துப்பிவிட்டுப் போனது.
ஒரு குடை விரித்து, அதன்மேல் இன்னொரு குடை விரித்து
மூன்றாவதற்கு யோசித்தபடி நிற்கிறது
வீரபாண்டிப் பிரிவில், எங்கள் சாயப்பட்டறைக்குள்.

தை முடியும்போது சிவக்கும்.
ஒரேயடியாக இல்லை.
ஓரத்தில் பற்றி
பச்சையை நரம்போடு நரம்பாக ஒதுக்கிக்கொண்டே வரும்.

அந்த வாரம் பார்த்தா
டென்மார்க் பையர் அம்மா வந்து இறங்க வேண்டும்?
கார் கண்ணாடியில் விழுந்த இலையை எடுத்து
முதலாளி சிவமலையிடம் நீட்டினார்.
"இந்தக் கலர்."
மேசைமேல் வெள்ளித் தட்டில்
நெய்யில் வறுத்த பாதாம் ஆறிக்கொண்டிருந்தது.
அதை அவர் தொடவேயில்லை.

இலை என்னிடம் வந்தது.
லேப்பில் ஷேடு பார்ப்பவள் நான், பதினோரு வருஷம்.
கல்யாணப் புடவையையே
லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்த பிறகுதான் எடுத்தேன் என்று
ஆபீஸில் கேலி பேசுவார்கள்.
பொய்யில்லை.

மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை,
நீலம் பேருக்கு ஒரு துளி என்றது மெஷின்.
முதல் டிப் செங்கல்.
இரண்டாவது பல்லடம் ரோட்டுப் புழுதி.
மூன்றாவது ஈரத்தில் அச்சு அசல்,
காய்ந்ததும் கருப்பட்டி.
மறுநாள் இலையை மறுபடி வைத்தால்
மெஷின் வேறு கணக்குச் சொல்கிறது.
மெஷினைத் திட்டினேன். பாவம், அதன்மேல் தப்பில்லை.
இலைதான் ராத்திரி முழுக்க
தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

"ஏனுங்க்கா, வேற எலை பொறுக்கிட்டு வரட்டுங்களா?"
வாட்ச்மேன் செங்கோடன் கூடையோடு வந்து கொட்டினார்.
நாற்பது இலை, நாற்பது சிவப்பு.
ஒரு லாட்டில் ரெண்டு ரோல் மாறினாலே
டெபிட் நோட் போடுகிற ஊர் இது.
இந்த மரத்துக்கு யார் போடுவது?

ஜன்னல் வழியே பார்த்தால்
நொய்யல் கரை முள்ளுக்காடு தெரியும்.
ஒரு காலத்தில் ஆறு தினம் ஒரு ஷேடில் ஓடியது.
அதற்கு யாரும் அப்ரூவல் கேட்கவில்லை.

டீ வேளையில் ஜதுமணி
பாய்லர் படியில் உட்கார்ந்து கொட்டை உடைப்பான்.
நாங்கள் உடைத்தால் பருப்பும் நாரும் கூழாகும்.
அவன் கொட்டையை விளிம்பில் நிறுத்தி
ஒரே தட்டு.
அவர்கள் கடற்கரையில் வீட்டுக்கு ஒரு மரமாம்.
உள்ளே இருக்கிறது,
பீடி இலையைச் சுருட்டினாற்போல
நகத்தளவு வெள்ளை.
இதற்கா இத்தனை தோல், இத்தனை நார், இத்தனை ஓடு!
சாப்பிடக் கூடாத லேப்பில்
பின்னால் திரும்பி நின்று தின்றேன்.
பச்சைப் பாலும் கொஞ்சம் புல்லுமாக இருந்தது.

ஏழாவது டிப் ஓகே ஆனது.
அவர்கள் வைத்த பெயர் டெரகோட்டா.
எனக்குத் தெரியும், அது எந்த இலையும் இல்லை.
நாலாவது நாள் இலையும் ஒன்பதாவது நாள் இலையும்
சண்டை போட்டு ஒத்துக்கொண்ட இடம்.
பதினெட்டாயிரம் டீ சர்ட்
தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் ஏறியபோது
மரத்தில் ஒரு சிவப்பு இல்லை.
தளிர், தளிர், தளிர்.
எந்த ஆர்டருக்கும் சம்பந்தமில்லாத பச்சை.

ஃபைலில் ஒட்டிய முதல் இலை
இப்போது டீத்தூள் நிறம்.
துணி அப்படியே இருக்கிறது.

ஆனியில் பழுத்த பழம் ஒன்று
நேராக என் வெள்ளைத் துப்பட்டாமேல் விழுந்தது.
கத்தரிப்பூவும் துருவும் கலந்த ஒரு கறை.
மூன்று சோப்பு மாற்றினேன்.
லேப் ப்ளீச்சையும் திருட்டுத்தனமாகக் கொஞ்சம்.
அறுபது டிகிரியில் வாஷ் டெஸ்ட்டே வைத்துவிட்டேன்.

அஞ்சுக்கு அஞ்சு.